தரையில் உருண்ட ஹெலிகாப்டரும் தோல் குவியலும்

ஹெலிகாப்டர் தரையைத் தொட்டுவிட்டால் ஆபத்து முடிந்தது, அப்புறம் அது பெரிய பஸ் மாதிரிதான் என்று நினைக்காதீர்கள் பிள்ளைகளே. உங்கள் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஆம்பூருக்கு வெளியே, அம்மா வேலை செய்யும் தோல் கம்பெனியை ஒட்டி ஒரு மைதானம். ஏதோ விழாவுக்காக அங்கே இரண்டு பெரிய ஹெலிகாப்டர்கள் வருவதாக இருந்தது. முதலாவது நடுவில் இறங்கி, சக்கரத்தால் ஓரமாக உருண்டு, அடுத்ததற்கு இடம் விட வேண்டும். புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தது என் லாரிதான். மண் நனையலாம், சேறாகக் கூடாது. ஒரு சக்கரம் புதைந்தால் ஹெலிகாப்டர் சாயும். சாய்ந்தால் மேலே சுற்றும் இறக்கை தரையில் அடிக்கும். அதனால் அளவாகவே தெளித்திருந்தேன்.

களத்தில் காய்ந்த தோல்களை எல்லாம் உள்ளே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஷெட்டில் இடமில்லை. மழைக்கு மூடுவது போல மைதானத்தை ஒட்டிக் குவித்து, தார்ப்பாய் போட்டுக் கல் வைத்துவிட்டார்கள். குவியலுக்கும் மைதானத்துக்கும் நடுவே தடுப்பாக ஒரு கயிறு மட்டும்தான்.

முதல் ஹெலிகாப்டர் இறங்கியபோது தார்ப்பாய் அசையவில்லை. உருண்டு கிட்டே வந்ததும் கற்கள் புரண்டன. சக்கரம் தரையில் இருந்தாலும் இறக்கை சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது?

"ஏய், தார்ப்பாய் பறக்குது!" என்று மேஸ்திரி கத்தினார்.

காற்றடித்தால் பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்க் குவியல் மேல் உட்கார வேண்டும். அந்தக் கம்பெனி வழக்கம் அது. அம்மா ஓடினாள். ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அதே நேரம் ஹெலிகாப்டர் திரும்பியது. மூக்கு அந்தப் பக்கம் போனால் வால் இந்தப் பக்கம், அம்மா உட்கார்ந்திருந்த குவியல் பக்கம் வீசும். வால் நுனியில் இன்னொரு காற்றாடி உண்டு; அது சுற்றும் வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. ஓட்டுபவருக்குப் பின்னால் நடப்பதும் தெரியாது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் காவலுக்கு நின்ற சிப்பாயின் தோளை உலுக்கிக் கை காட்டினேன். அவர் 'நிறுத்து' என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினார். ஹெலிகாப்டருக்கு முன்னால் நின்று வழிகாட்டியவரும் அதைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஹெலிகாப்டர் நின்றது. எஞ்சினை அணைத்து, இறக்கை ஓயும்வரை எங்களை யாரும் நகர விடவில்லை.

"உயிரே போயிருக்கும்மா, இறங்குங்க" என்றார் சிப்பாய்.

"இறங்குறேன்பா. மேல இன்னொண்ணு சுத்துதே, அது வந்தா தோல் எல்லாம் போய்டும். மொதல்ல கல்லு கொண்டாங்க."

"இன்னா பொம்பள நீ! பயமே இல்லியா?" என்றேன்.

"இப்பதாங்க வருது. புடிச்சு எறக்குங்க."

மேஸ்திரி ஓடிவந்தார். "நான் பழக்கத்துல கத்திட்டேன்மா."

"நீ கத்துனா ஓடணும்னுதானே பழக்கி வெச்சிருக்க?"

கல் எல்லாம் வேண்டாம், ஒரு தோல்கூட வெளியே இருக்கக் கூடாது என்று சிப்பாய் சொல்லிவிட்டார். அவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு தோல் கட்டைத் தூக்கினார். எல்லாம் கம்பெனி ஆபீசுக்குள் போகும்வரை அந்த இன்னொன்று மேலேயே சுற்றியது.

அது இறங்கும்போது மேஸ்திரி மறுபடி ஏதோ கத்தினார். அம்மா என் லாரிக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, "கத்தட்டும்" என்றாள்.