தகரம் தட்டும் மணியம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஒட்டு வீட்டு வரிசையான லயத்தில் பெண்டாட்டி மேல் கை ஓங்குகிறவன் முதலில் மணியம்மாவை நினைத்துக்கொள்வான். கொழுந்து பறிக்கும் அந்த ஒல்லிக்குச்சி மனுஷி, எந்த வீட்டில் அலறல் கேட்டாலும் தன் வீட்டுத் தகரச் சுவரைக் கரண்டியால் தட்டுவாள். உடனே எல்லாப் பெண்களும் தட்டுவார்கள். லயமே அதிரும். உள்ளே இருக்கும் சூரப்புலி மானம் போய் வெளியே வந்து பீடி பற்றவைப்பான். தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் புகார் சொல்லி யாருக்கு என்ன நடந்தது?

எண்பத்து நாலில் அவள் பக்கத்து வீட்டுக்குச் சாம்பசிவமும் அவன் பெண்டாட்டி பவளமும் வந்தார்கள். இலங்கைக் கலவரத்துக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்தவர்கள். இந்த நாட்டில் தங்கக் கையில் ஒரு பத்திரமும் இல்லை. கொழும்பில் கடை வைத்திருந்தவன் இங்கே களை வெட்டினான். அந்த ஆத்திரமெல்லாம் பவளத்தின் முதுகில் இறங்கியது.

முதல் அலறலுக்கே மணியம்மா தட்டினாள். லயம் அதிர்ந்தது. சாம்பசிவம் வெளியே வந்தான், பவளம் வரவில்லை. மணியம்மா உள்ளே போனபோது அவள் கட்டிலுக்கடியில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"தட்டாதேங்கோ அக்கா. வீடு கொளுத்த வந்தவங்களும் இப்பிடித்தான் தகரக் கதவைத் தட்டினவங்கள்."

மணியம்மா கையிலிருந்த கரண்டியைத் தரையில் வைத்தாள். "தானா ராத்தா டவுன் போலீசுக்குப் போலாமா?"

"பத்திரம் கேப்பாங்கள். இலங்கைக்கே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"சரிம்மா, இனிமே தட்டல லா. நீ கத்து, நான் ஓடியாந்துடுறேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. அவன் திருந்திவிட்டான் என்று மணியம்மா குழாயடியில் பெருமையாகச் சொன்னாள். ஒரு நாள் அந்தப் பாவிக்கு மீன் குழம்பு கூடக் கொடுத்தனுப்பினாள்.

மழைக்காலத்தில் பவளத்துக்குக் காய்ச்சல் கண்டது. ரவிக்கை மாற்றிவிடப் போன மணியம்மா அவள் முதுகைப் பார்த்தாள். பழைய காயத்தின் மேலே புதுக்காயம். வாயோரம் கிழிந்திருந்தது.

"அடிப்பாவி, ஏன் கத்தல?"

"நீங்கள் தட்டாட்டிலும் வேற ஆராவது தட்டிப்போடுவினம் எண்டு பயம் அக்கா. வாயில துணியை அடைச்சுக்கொண்டு இருந்தனான்."

மணியம்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பவளம் தலையாட்டிக்கொண்டே இருந்தாள், வரவில்லை. அடுத்த வாரம் மணியம்மா கொழுந்துக்குப் போயிருந்த நேரம் சாம்பசிவம் பவளத்தைக் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மணியம்மா பக்கத்து ஊர்களில் தேடினாள்; கோலா தெர்லாவில் விசாரித்தாள், கம்போங் ராஜாவில் விசாரித்தாள். பார்த்தவர் யாருமில்லை.

இப்போதும் லயத்தில் அலறல் கேட்டால் பெண்கள் தட்டுகிறார்கள். மணியம்மா கரண்டியைத் தொடுவதில்லை. மாலையில் கூடையை இறக்கியதும் பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அது காலி வீடு என்று அவளுக்கும் தெரியும்.