அட்டை எஞ்சினில் குறைந்த இரண்டு இன்ச்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் வீட்டில்கூட. நாம் ஐந்து பேர் மட்டும் படிக்கும்படி இந்த ஆன்லைன் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன். இந்த வளைகுடாவை, நம் அப்பாசியாவை விட்டு ஊருக்குப் போய்விட்ட உங்களைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

பசையும் பெட்ரோலும் கலந்த வாசனை... கோடை லீவு முழுக்க எங்கள் ஹாலில் அதுதான்.

அப்பா ஷுவைக்கில் கராஜ் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு விசா கொடுத்த கஃபீல் அபு சாலேயிடம் ஒரு பழைய அமெரிக்க மஸில் கார் இருக்கிறது. இறந்துபோன அவர் அப்பா ஓட்டியது. கறுப்பு நிறம், அகலமான மூஞ்சி. எங்கள் அப்பா அதற்கு வைத்த பெயர் எருமை.

எருமையின் எஞ்சினில் விரிசல். அதை இறக்கிவிட்டு, ஸ்க்ராப் யார்டில் பார்த்து வைத்த வேறொரு வி-எட்டு எஞ்சினை ஏற்ற வேண்டும். அபு சாலே அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: எஞ்சினைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டைத் தவிர எதையும் வெட்டக் கூடாது.

"மணி, கட்டிங் மாஃபி. பானட் மாஃபி, பாடி மாஃபி. பழைய எஞ்சின் ஸ்டாண்ட் ரெண்டு, அது மட்டும் ஓகே. எஞ்சின் ஃபிட் இல்லையா, கலாஸ், பழசே வெல்டிங் பண்ணு."

போன வருஷம் ஒரு பெயிண்டர் கேட்காமல் அந்த பானட்டில் ஓர் ஓட்டை போட்டார். ஒரே வாரத்தில் விசா கேன்சல். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால் அப்பா ஒரு யோசனை செய்தார். எஞ்சினை வாங்கும் முன்பே, அதே அளவில் அட்டையில் ஓர் எஞ்சின் செய்து வண்டிக்குள் வைத்துப் பார்ப்பது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடத்தில் கற்றுக்கொண்டாராம்.

ஸ்க்ராப் யார்டில் அவர் டேப் பிடிப்பார், நான் நோட்டில் எழுதுவேன். பிறகு ஃபிரிட்ஜ் வந்த தடி அட்டையை வெட்டி ஒட்டுவோம். நாலு வெள்ளிக்கிழமை. அப்பா எனக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "கண்ணு, அந்த மூலைய அமுக்கிப் பிடி" என்பார். அமுக்கிப் பிடிப்பேன். அவ்வளவுதான் பேச்சு. அதுவே போதுமாக இருந்தது.

கடைசியாகச் செய்தது ஆயில் சம்ப். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் பெட்டி. எட்டு இன்ச் ஆழம். காயட்டும் என்று தனியாக பால்கனியில் வைத்தோம்.

மறுநாள் பக்கத்து வீட்டு செல்வி ஆன்ட்டி லீவில் ஊருக்குக் கிளம்பினார். யாராவது ஊருக்குப் போனால் அம்மா விடமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்தானே? தடியான பெட்டி கண்ணில் பட்டதும் பால் பவுடர், சோப்பு, சித்தி பையனுக்கு ஷூ எல்லாம் அடுக்கி, டேப் சுற்றி, கொடுத்தனுப்பிவிட்டாள். எங்கள் ஆயில் சம்ப் ராசிபுரம் போய்விட்டது.

"அது எஞ்சின்னு எனக்கென்னடி தெரியும்? டப்பா சும்மா கெடக்குதுன்னு நெனச்சேன்." அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பாகிட்ட சொல்லிராத கண்ணு. ஒண்ணு செஞ்சு வெச்சுரு."

கீழே அப்பா மற்ற அட்டைப் பாகங்களை பிக்கப்பில் ஏற்றிவிட்டு, கராஜுக்குக் கிளம்ப ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பின்வாசல் வழியாக மளிகைக்கடை பக்காலாவுக்கு ஓடி ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கி வந்தேன். அதன் உயரமே ஆறு இன்ச்தான். இன்னொரு துண்டு ஒட்ட நேரமில்லை. மேலே பழைய அட்டையைச் சுற்றிவிட்டேன். இரண்டு இன்ச்தானே என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கராஜில் வெல்டிங்கும் பார்த்து, மற்ற நேரம் டாக்ஸியும் ஓட்டும் கான் பாய் எங்கள் அட்டை எஞ்சினைப் பார்த்து உருதுவில் கேட்டார்: "மணி பாய், இது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?"

"உங்க டாக்ஸிய விட நல்லாவே கொடுக்கும்" என்றார் அப்பா.

சம்ப் அடிச்சட்டத்தில் உட்காரும்படி வண்டிக்குள் இறக்கி வைத்தார்கள். பானட் மூடியது. மேலே ஓர் இன்ச் இடைவெளி. அபு சாலே பானட்டைத் தடவிக்கொண்டே நின்றார். அப்பா என் தலையில் கை வைத்து எல்லோரிடமும், "எல்லாம் என்ற புள்ள அளந்ததுங்க" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். எப்படியும் நிஜ எஞ்சின் வந்ததும் அப்பா ஒருமுறை அளப்பார், அப்போது தெரிந்துவிடும் என்று நம்பினேன்.

நிஜ எஞ்சின் நேற்று வந்துவிட்டது. இன்று சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அப்பா, புது எஞ்சின அளந்தீங்களா?"

"எதுக்கு கண்ணு? அதான் உன்ற அட்டை எஞ்சின் உக்காந்துருச்சே. காலைல ஏழு மணிக்கு கான் பாய் ஸ்டாண்ட வெட்டுறாரு. மத்தியானத்துக்குள்ள ஏத்திருவோம்."

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இன்ச் கணக்கு தெரியாது. சம்ப் இரண்டு இன்ச் குறைந்ததை நானும் அவளிடம் சொல்லவில்லை.

ஓர் இன்ச் இடைவெளி. சம்ப் இரண்டு இன்ச் குறை; நிஜ சம்ப் எஞ்சினை அவ்வளவு மேலே தூக்கும். நிஜ எஞ்சின் பானட்டில் ஓர் இன்ச் இடிக்கும். பானட்டைத் தொடக் கூடாது. ஸ்டாண்டை வெட்டிவிட்டால் பழைய எஞ்சினும் திரும்ப உட்காராது. அபு சாலே அப்பாவைத்தான் கேட்பார். எங்கள் எல்லோருடைய இக்காமாவும், இங்கே தங்கும் அனுமதியும், அப்பாவின் விசாவில்தான்.

அந்த நாலு வாரமும் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாளையும் வெள்ளிதான். விடியவே வேண்டாம் என்றிருக்கிறது.

சொன்னால் அம்மா மாட்டிக்கொள்வாள். அம்மா பெயரை எடுக்காமல், நானே தப்பாக வெட்டினேன் என்று சொல்லலாம். அப்பா இனிமேல் என்னிடம் டேப் கொடுக்கமாட்டார். பரவாயில்லை... இல்லை, பரவாயில்லை என்று சும்மா எழுதுகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"கண்ணு, இன்னும் தூங்கலையா? லைட் எரியுது."

அப்பா. அளவு நோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். முதலில் எட்டு இன்ச் என்று எழுதிய பக்கத்தைக் காட்டி, அப்புறம் ஆறு இன்ச் என்று நானே தப்பாக வெட்டியதை