எலிக் கருவின் போட்டோ: பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்கு ஒரு நாள்

மேல்பட்டியில் ஒரு வீட்டில் உதடு பிளந்து குழந்தை பிறந்திருக்கிறது. வேலூருக்கு எப்படிப் போனீர்கள் என்று அதன் தகப்பன் வந்து கேட்டார். அவரைப் போல இன்னும் சிலருக்கும் உதவட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டுகிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு போன பயணம்தான் இது. 2000ஆம் வருடம், பிப்ரவரி. அவள் அப்போது கைக்குழந்தை.

காலை ஆறு மணி பஸ். குடியாத்தம், பள்ளிகொண்டா வழியாக அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டு மணி நேரம் பிடித்தது. மகனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் லீவு தரவில்லை. நானும் மருமகள் எஸ்தரும் போனோம். ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும் அவள் அங்கே உட்காரவில்லை. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடியே வைத்திருந்தாள். மூச்சு முட்டும், துணியை எடும்மா என்று கண்டக்டர் சொன்னதற்கு, பனி என்றாள்.

பனியெல்லாம் இல்லை. முந்தின ஆகஸ்டில் கிரகணம் பிடித்தபோது அவள் ஷூ கம்பெனியில் கத்தரியால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மாசமாக இருப்பவள் அந்த நேரத்தில் எதையும் வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ராகு கேதுவை நம்பமாட்டோம், கிரகணத்தை மட்டும் நம்புவோம். குழந்தை பிறந்ததும் தெருவே அந்தக் கத்தரியைப் பற்றித்தான் பேசியது, என் வீட்டுக்காரி உட்பட. எஸ்தரும் அதைக் கேட்டுக் கேட்டு, பிள்ளையின் உதட்டைத் தானே வெட்டிவிட்டதாக நம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எடை போட்டுப் பார்த்தார்கள். போதாது, எடை ஏறியதும் கொண்டு வாருங்கள், ஆபரேஷனில் உதட்டைச் சேர்த்துவிடலாம் என்றார்கள். எஸ்தர் எழுந்திருக்கவே இல்லை. டாக்டரம்மா என்ன என்று விசாரித்தார். கத்தரி சங்கதியை நான்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். தாய் எலியின் வயிற்றில் இருக்கும் கரு. நம் முகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள அதைத்தான் பார்க்கிறார்களாம். முகம் ஒரே துண்டாக வருவதில்லையாம். மேலேயிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் சின்னச் சின்ன மொட்டாக வளர்ந்து வந்து நடுவில் சேருமாம். வளரு, போதும் நில்லு, இப்போது ஒட்டிக்கொள் என்று ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்குமாம். சேதி குறைந்தாலோ பிந்தினாலோ சேர வேண்டிய இடம் சேராமல் நின்றுவிடும். இந்தக் குழந்தைக்கு எந்தச் சேதி தவறியது என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னார்.

எஸ்தர் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலிக்கும் இந்த மாதிரி ஒதடு பொளந்து பொறக்குமா மேடம்?"

"சிலதுக்குப் பொறக்கும்."

"அதும் அம்மா இன்னாத்த வெட்டுச்சு?"

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதையும் வெட்டலம்மா. கூண்டுல சும்மா படுத்திருந்துச்சு. நீயும் வெட்டல."

திரும்பும் பஸ்ஸில் எஸ்தர் தானாகவே ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். விரிஞ்சிபுரம் தாண்டும்போது முந்தானை விலகியது. அவள் இழுத்து மூடவில்லை. முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, குழந்தைக்கு இன்னா ஆச்சு என்றார்.

"சேதி கொஞ்சம் லேட்டா போய்ச் சேந்துக்குது," என்றாள் எஸ்தர். "தெச்சுருவாங்க."

கோடையில் தைத்தார்கள். இப்போது மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது. அதையும் எழுது என்றால் பேத்தி முறைக்கிறாள்.

போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், டோக்கனுக்குக் கூட்டம் ஜாஸ்தி. பாலைக் கறந்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், எடை ஏறும். ஜன்னல் ஓரம் உட்காருங்கள். முகத்தை மூடாதீர்கள்.