கெட்டிமேளம் றோட்டிலே, தாலி உள்ளே

போன வியாழக்கிழமை காலையில் ஒரு நல்ல கலியாணத்தைக் குழப்பிவிட்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. கழுத்து வேர்த்தது... அவ்வளவுதான்!

கலியாணம் என் அக்காவின் மகன் நடராசாவுக்கு. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெண் உடுவில் ஊர்க்காரி. பெயர் கிறேஸ் இரத்தினம். பெயரைக் கேட்டதுமே விஷயம் விளங்கியிருக்குமே? நாங்கள் பரம்பரைச் சைவம். அவர்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர், கிறிஸ்தவர்கள்.

பள்ளிக்கூடத்துப் பூமிசாஸ்திரத்தில் ஆறும் மலையும்தான் தேசங்களைப் பிரிக்கும் என்று படித்தோம். யாழ்ப்பாணத்தில் ஆறு எங்கே ஐயா? மலை எங்கே? அதற்காக நாங்கள் சும்மா இருந்துவிடுவோமா? இருக்கவே இருக்கிறது தென்னோலைக் கிடுகு வேலி! பேசுகிற தமிழ் ஒன்று, தின்கிற பிட்டு ஒன்று. ஆனாலும் "நீர் எவடம்?" என்று தொடங்கி, எந்தக் குறிச்சி, எந்தக் கோயில் என்று துருவி முடிக்காமல் ஒருவனுக்குத் தேத்தண்ணி கொடுக்க மாட்டோம்.

தேவாலயத்தில் கலியாணம், எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று முடிவாயிற்று. அதுவரை சுகம். பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறினா அது கலியாணமே? அளவெட்டியிலையிருந்து மேளம் வரவேணும். வேதக் கோயிலுக்குள்ளை நான் கால் வைக்கமாட்டன். அதையும் சொல்லிப்போட்டன்."

போதகர் தங்கமான மனுஷன். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

"ஐயா, எங்கடை வளவுக்குள்ளை மேளம் அடிக்க நான் விடேலாது. என்னைக் கோவிக்காதையுங்கோ."

நான் மாப்பிள்ளையின் தாய்மாமன். இரண்டு பக்கமும் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு வழி பிடித்தேன். தேவாலயத்துக்கு முன்னால் போகிற றோட்டு யாருடையது? கவண்மேந்துடையது! சிவனும் கேட்க முடியாது, யேசுவும் கேட்க முடியாது. மேளகாரர் றோட்டில் நிற்பார்கள். அக்கா பக்கத்தில் மாட்டு வண்டிலுக்குள் இருப்பாள். நான் வாசலில் நின்று, தாலி ஏறும்போது வெள்ளை லேஞ்சியை, கைக்குட்டையைத்தான், உயர்த்திக் காட்டுவேன். உடனே கெட்டிமேளம். எப்படி மூளை?

ஆனால் நடராசாவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"மாமா, பெத்த தாய் றோட்டிலை குந்தியிருக்க நான் உள்ளை நிண்டு தாலி கட்டுறதோ? என்ரை கை எழும்பாது. எப்பிடியாவது அம்மாவை உள்ளை கூட்டிவாங்கோ."

கெஞ்சினேன். காலில் விழாத குறை. அக்கா அசைந்தால்தானே! அத்தான் ஒரு கரைச்சலும் இல்லாத மனுஷன். வந்ததும் பேசாமல் உள்ளே போய் முன்வரிசை வாங்கில் இருந்துவிட்டார். அக்கா மடியில், தாலி ஏறியதும் வாழ்த்திப் போடுகிற அறுகரிசித் தட்டை வைத்துக்கொண்டு வண்டிலிலேயே இருந்தாள். பெடியன் வண்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே உள்ளே போனான்.

வைகாசி வெயில். எனக்கோ கோட்டு, கழுத்துவரை பொத்தான். உள்ளே போதகர் கணீரென்று கேட்கிறார்: "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல ஆராவது இருந்தால் இப்பொழுதே சொல்லலாம்."

நான் லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன்.

அவ்வளவுதான். பிடித்தார்களே கெட்டிமேளம்! அளவெட்டித் தவில் என்றால் சும்மாவா? கூரை ஓடு அதிர்ந்தது. உள்ளே இருந்த சனமெல்லாம் எழும்பித் திரும்பிப் பார்த்தது. தடை சொல்லக் கேட்டால் தவிலே வந்து சொல்கிறது! கையைக் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். லேஞ்சி இன்னும் கையில்தான் இருந்தது. அவர்கள் இன்னும் உற்சாகமாக வாசித்தார்கள். ஐயோ, என் மானமே போயிற்று!

அப்போதுதான் அது நடந்தது. அக்கா வண்டிலிலிருந்து குதித்தாள். சேலைத் தலைப்பைச் செருகினாள். தட்டோடு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நடுப்பாதையால் விறுவிறென்று முன்னுக்குப் போய், அறுகரிசியைக் கையில் அள்ளியவள்... பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். வெறுங் கழுத்து. தாலி இன்னும் போதகரின் கையில்.

"உதென்ன, இன்னும் ஏறேல்லையே?"

மேளமும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. போதகர் கோபித்திருக்கலாம். மனுஷன் மெல்லச் சிரித்தார்.

"இல்லை அம்மா. கொஞ்ச நேரந்தான். அத்தானுக்குப் பக்கத்திலை இருங்கோ." அவருக்கு வயது அக்காவைவிடக் குறைவு, எங்கள் அத்தான் அந்த நிமிஷமே அவருக்கும் அத்தானாகிவிட்டார்.

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் கண் கலங்கி நின்றான்.

"சரி, வந்திட்டன். கெதியாக் கட்டடா மோனை."

இருந்தாள். பெடியன் தாலியை எடுத்தான். கை தானாக எழும்பிற்று. போதகரே என் பக்கம் பார்த்து, "ஓம், இப்ப காட்டுங்கோ" என்று தலையாட்டினார். லேஞ்சியை உயர்த்தினேன், கெட்டிமேளத்தோடு தாலி ஏறிற்று. அக்கா போட்ட அறுகரிசியில் பாதி அவர் தலையிலும் விழுந்தது. தட்டிவிடாமல் நின்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

பின்னேரம் விருந்தெல்லாம் முடிந்து, அக்கா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கடை ஐயர் சொல்லுற மந்திரம் ஒரு சொல்லும் எனக்கு விளங்கிறேல்லை. உவர் சொன்னது முழுக்க விளங்கினது" என்றாள்.

விடுவேனா நான்? "ஏனக்கா, வேதக் கோயிலுக்குள்ளை கால் வைக்கமாட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று சீண்டினேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விசர்க்கதை கதையாதை! நான் எங்கையடா வேதக் கோயிலுக்குப் போனனான்? என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கெல்லோ போனனான்!"