சாலையில் போடாத கூடாரம்

எதிர்வீட்டுக்காரரின் மனைவி இறந்த அன்று, சாலையில் கூடாரம் போடக் கூடாது என்று தடுத்தவன் நான். தம்போய்ப் புறநகரில் எங்கள் குடியிருப்புக்கு அப்போதுதான் வேலி போட்டுக் காவலர்களையும் வைத்திருந்தோம். வீட்டு விலை ஏறும் என்று புதிய விதிகளை எழுதியவனும் குடியிருப்போர் சங்கத் தலைவனான நானே. அதுவரை கல்யாணமோ சாவோ, சாலையை மறித்துக் கூடாரம் போட்டுத்தான் உட்காருவோம்.

எதிர்வீட்டுக்காரரே வந்து கேட்டார். “ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்” என்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் நானே பேசி அந்த விதியை எடுக்கவைத்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“இந்த வீட்டுல இனி நான் ஒருத்தன்தான் பாக்கி அண்ணே. எனக்குப் போட விடுவீங்கதானே லா?” என்று சிரித்தார். உட்காரச் சொல்லவில்லை.

அதன்பின் எங்கள் சாலையில் கல்யாணக் கூடாரங்கள் மறுபடி வந்தன. சாப்பிட அவரும் வருவார். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் வேறு மேசைக்குப் போய்விடுவார்.