மறுபடியும் குனிந்து பார்த்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், எஹலியகொடப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இலைகள் கருகிக் கொட்டின. பங்கசு என்கிற பூஞ்சைகளை ஆராய்ச்சி செய்யும் ஒரு மிஸ் வந்து, நோயைப் பரப்பும் வித்திகளைக் காற்றிலேயே பிடிக்க, மரங்களுக்கிடையே வாஸ்லின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தொங்கவிட்டார். வித்தி சிக்கினால் மரங்களை வெட்டிவிடுவார்கள். பால் வெட்டும் எங்களுக்கு வேலை போய்விடும்.

காலையில் எங்களுக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்து மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்தார். ஒல்லியான உடம்பு, தூக்கம் கெட்ட கண்கள். ஒவ்வொரு தகட்டை வைக்கும்போதும் மூச்சை அடக்கிக்கொள்வார். சுற்றி நின்ற நாங்களும் அடக்கிக்கொண்டோம்.

தோட்டத்துக் கோமாளிப் பதவியைக் காப்பாற்ற வேண்டாமா? நானும் பார்க்கக் கேட்டுக் குனிந்தேன்.

"ஐயோ, கறுப்பாக் கம்பி கம்பியா நிக்குது!" என்று அலறினேன். பின்னால் ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள்.

"அது ஒங்க கண்ணிமை மயிருங்க அண்ணே. சரி, கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க" என்றார் மிஸ்.

"இந்தாளு கண்ண நம்பி மரத்த வெட்டிறாதீங்க மிஸ்!" என்றாள் என் மனைவி. களமே சிரித்தது.

அவரும் சிரித்துக்கொண்டே குனிந்தார். சிரிப்பு நின்றது. வேறு தகட்டைப் பார்த்தார். பிறகு முதல் தகட்டையே மறுபடி வைத்தார்.

"இருக்குதுங்களா மிஸ்?" என்றேன்.

"இருக்கு."

"அப்ப ஏன் திரும்பத் திரும்பப் பாக்குறீங்க?"

"நான் தப்பாப் பாத்திருக்கக் கூடாதான்னுதான்."

மரங்களை வெட்டினார்கள். அவர்மேல் கோபப்பட நானும் எவ்வளவோ முயன்றுவிட்டேன். அந்த மேசைமேல் வளைந்த முதுகுதான் நினைவுக்கு வருகிறதே தவிர, கோபம் வரமாட்டேன் என்கிறது.