லிங்கப்பன் முகம் போட்ட தபால்தலை

மைசூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் லிங்கப்பன் அட்டெண்டராக இருந்தார். வந்த தபாலைப் பிரித்து மேஜை மேஜையாகக் கொடுப்பது வேலை. உறை குப்பைக்குப் போகும் முன், தபால்தலை ஒட்டிய மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து, பசை விட்டதும் செய்தித்தாளில் கவிழ்த்து உலர்த்தி, ஆல்பத்தில் செருகுவார். பூ, பறவை, ரயில் எதுவும் வேண்டாம். மனிதர்கள் மட்டும். கடைசி வருடங்களில் உறைகளெல்லாம் இயந்திர முத்திரையும் பார்கோடு ஸ்டிக்கருமாக வரத் தொடங்கியதில் அவருக்கு மனக்குறை.

செத்தவர்களைத்தான் தபால்தலையில் போடுவார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது அவர் மனதில் சட்டமாகப் பதிந்திருந்தது. மனைவி தேவம்மாவிடமும் சொல்லியிருந்தார். சொந்த ஊரான கௌதள்ளிக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் காளியப்பனிடமும் சொல்லியிருந்தார். பிறகு கிணற்றுத் தண்ணீர் முறை வைத்ததில் சண்டை வந்து, அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது.

ஓய்வு பெற்ற அன்று மகள் தமிழ்ப்ரியா பளபளக்கும் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தாள். வரிசை வரிசையாகத் தபால்தலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூ. பூவுக்குப் பக்கத்தில் லிங்கப்பன்.

"ஏம்மா, நான் இன்னும் இருக்கறனே?"

"அய்யோ அப்பா, போட்டோ கொடுத்தா போஸ்ட் ஆபீஸ்லயே போட்டுக் கொடுப்பாங்க. சும்மா பயப்படாதீங்க!"

தேவம்மா கேட்கவில்லை. "உசுரோட இருக்கற மனுசனைக் கொண்டுபோய் இதுல ஒட்டி வெச்சிருக்கறயே!" என்று உப்பும் மிளகாயும் எடுத்து வந்து கணவருக்குச் சுற்றிப் போட்டார்.

லிங்கப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஆல்பத்தில் இதை எங்கே வைப்பது? செத்தவர்களோடு வைக்கலாமா? பூ இருப்பதால் பூவோடு சேர்ப்பதா? பூவுக்குத் தன்னிடம் பக்கமே கிடையாதே! தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் தபால் நிலையத்துக்குப் போனார். சேகரிப்புத் தபால்தலை விற்கும் கவுண்டரில் அனுப்ரியா என்ற இளம்பெண் இருந்தாள்.

"சார், பூதான் ஸ்டாம்ப். உங்க முகம் பக்கத்துல ஒட்டிட்டு வர்ற பேப்பர், அஷ்டே, அவ்வளவுதான்."

"அப்ப நான் ஸ்டாம்ப் இல்லீங்களா?"

"இல்ல சார்."

ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"செத்தவங்களைத்தான போடுவாங்க?" என்று விடாமல் கேட்டார்.

"பெரும்பாலும் அப்படித்தான். ஆனா உலகத்தோட முதல் ஸ்டாம்ப்ல இருந்த விக்டோரியா ராணி அப்ப உயிரோடதான் இருந்தாங்க. நம்ம விஸ்வேஸ்வரய்யாவுக்கும் அவர் இருக்கறப்பவே, நூறாவது வயசுக்குப் போட்டாங்க."

விஸ்வேஸ்வரய்யா லிங்கப்பனின் ஆல்பத்தில் இருந்தார். தபால்தலை வந்தபோது உயிரோடு இருந்த மனிதரையும் இத்தனை வருடமாகச் செத்தவர் கணக்கிலா பார்த்தோம் என்று வீடு வரும்வரை குழம்பிக்கொண்டே வந்தார்.

ஒன்று மட்டும் செய்யத் தோன்றியது. ஒரு உறை எடுத்து, பூவும் முகமுமாக ஒன்றை ஒட்டி, அண்ணன் பெயரை எழுதினார். உள்ளே வைக்கத் தாள் எடுத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வரிகூட வரவில்லை. வெறும் உறையையே ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், மைசூர் விஜயநகரில் இருந்த அவர் வீட்டின் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் காளியப்பன். கையில் ரோஜா மாலை. கண் சிவந்து வீங்கியிருந்தது.

அண்ணன் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "நீ... இருக்கறயா?"

"இருக்கறனுங்கண்ணா."

"அப்பறம் எதுக்குடா ஸ்டாம்புல வந்தே? செத்தவங்கதான் அதுல வருவாங்கன்னு நீதானே சொன்னே? உள்ள ஒரு எழுத்து இல்ல. போன் நம்பரும் இல்ல. கொள்ளேகால்ல பஸ் மாறி, வழியெல்லாம் அழுதுட்டு வந்தனே!"

"பூதாங்கண்ணா ஸ்டாம்பு. நான் பக்கத்துல இருக்கற பேப்பரு."

"என்னடா சொல்றே?"

லிங்கப்பன் மறுபடி விளக்கினார். ராணி, விஸ்வேஸ்வரய்யா, நூறாவது வயது எல்லாம் கலந்து வந்தன. காளியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓங்கி ஒரு அறை விடக் கையைத் தூக்கியவர் அப்படியே தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். மாலை எங்கேயோ விழுந்தது.

"வாங்க மாமா, முதல்ல சாப்புடுங்க" என்று தேவம்மா இலை போட்டார்.

சாப்பிடும்போது யாரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. காளியப்பன் ரசம் நன்றாயிருக்கிறது என்றார். இந்த வருடம் மழை பரவாயில்லை என்றார். சாயங்காலம் லிங்கப்பன் பேருந்து நிலையம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டார். பேருந்து நகரும்போது அண்ணன் ஜன்னல் வழியே ஏதோ சொன்னார். இரைச்சலில் காதில் விழவில்லை.

வீடு திரும்பியவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"ஏன் தேவம்மா, நாங்க ராசியாயிட்டமா?"

"எனக்கென்ன தெரியும்? சோறு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாரு" என்றார் தேவம்மா.